கட்டி வண்ணம் வந்த வழி

காய்ந்து கல்லாகிக் கிடக்கும் நீர்வண்ணக் கட்டிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உயிர் வந்துவிடும். நிறப்பொடியும் வேலமரப் பிசினும்தான் அதன் உடம்பு. 18ஆம் நூற்றாண்டில் ஓவியர்கள் பொடியைத் தாங்களே அரைத்துக் குழைக்க வேண்டியிருந்தது. ஊர்விட்டு ஊர் போய் வரைவது பெரும்பாடு. லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் அதைக் கட்டியாக வார்த்துக் கடையில் வைத்தார். அதற்காக 1781இல் அங்கே வெள்ளி வண்ணத்தட்டு பரிசும் கிடைத்தது. பிறகு 1832இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் கிளிசரின் சேர்த்து, தூரிகை பட்டதுமே கரையும்படி அதை இளக்கியது.

நம் பக்கம் 1792இலேயே ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் பல்லக்கில் வந்துவிட்டார்கள். பாபநாசம் அருவியையும், களக்காட்டுப் பக்கமிருந்து தெரிந்த குமரி மலைகளையும் வரைந்தார்கள். அந்த மலைத்தொடர் முடியும் இடத்தில் நிற்கும் மருந்துவாழ்மலை, கன்னியாகுமரிக்கு அருகே வட்டக்கோட்டை மதில்மேல் ஏறினால் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைவீரர் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்காகப் பலப்படுத்திய கருங்கல் மதில் அது.

கட்டி வண்ணம் பிறகு எளிய கைகளுக்கும் வந்தது. 1931இல் பம்பாயில் தொடங்கிய காம்லினின் கேமல் டப்பா இல்லாத பள்ளிக்கூடப் பை குறைவு. என் பையில் இருப்பதும் அதுதான். என்னைப் போல ஊர் ஊராகப் போய் மிருதங்கம் வாசிக்கிறவனுக்கு இதைவிடத் தோதான வண்ணம் இல்லை என்பேன். டர்பன்டைன் நாற்றம் இல்லை, ரயிலில் சிந்தாது, காலையில் இறங்கிச் சாயங்காலம் கச்சேரிக்குள் ஒரு படம் முடியும். அதைவிட நெருக்கமான உறவும் உண்டு. மிருதங்கத்தின் வலந்தலையில் ஏற்றும் கரணை, கல்லை இடித்த கரும்பொடியும் சோறும் சேர்ந்த கலவை; வண்ணக் கட்டி, நிறப்பொடியும் பிசினும். இடப்பக்கத் தொப்பியில் அப்பும் ரவைக்கும் தண்ணீர்தான் வேண்டும்.

பாட்டும் தூரிகையும் ஒரே கையில் இருந்ததற்கு நம்மிடையே பெரிய சாட்சி எஸ். ராஜம் (1919–2010). பாபநாசம் சிவனிடமும் மதுரை மணி ஐயரிடமும் பாடம் கேட்ட வித்வான், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். வீடுகளிலும் சபாக்களிலும் நாம் கும்பிடும் சங்கீத மும்மூர்த்திகளின் முகம் அவர் தீட்டியது. பூசிய தாளை மறுபடி மறுபடி தண்ணீரில் நனைத்து, தங்கிய நிறத்தின்மேல் இன்னொரு நிறம் ஏற்றும் வாஷ் முறை அவருடையது. அதற்கு வீடும் பொறுமையும் வேண்டும். ஊர் சுற்றுகிறவனால் ஆகாது. ஆனால் நிறத்தை அவசரப்படுத்தாமல் காய விட வேண்டும் என்பதை அவர் படங்களைப் பார்த்துத்தான் கற்றேன்.

வட்டக்கோட்டையில் அந்தப் பாடம் கட்டாயமாகிவிடுகிறது. மதிலுக்குக் கீழே கடல். கழுவக் கடல்நீர் கூடாது. உப்பு நிறத்தை உறிஞ்சித் திட்டுத் திட்டாக்கும், தாளும் நசநசக்கும். பாட்டிலில் குடிதண்ணீர் கொண்டு போனாலும், காற்றில் இருக்கும் ஈரத்தை என்ன செய்ய? முதல் பூச்சு காய்வதற்குள் மருந்துவாழ்மலையின் நிறம் மாறிவிடும். ஆனால் எனக்கு அந்தத் தாமதம் உபயோகமானது. தாள் காய மறுக்கிற நாளில் தோலும் தொய்ந்திருக்கும், ஸ்ருதி இறங்கியிருக்கும். அன்றைக்கு ஸ்ருதி சேர்க்கும் கல்லும் புள்ளும் எடுத்துக்கொண்டு அரைமணி முன்னதாகவே மேடைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன்.