கப்பல் ஏறாமலே கடலடியைக் கண்டவர்



தண்ணீர் லாரிக்குச் சொல்லும் முன் சம்ப்பில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படிப் பார்க்கிறோம்? மூடியைத் திறந்து ஒரு கம்பை விடுகிறோம். நனைந்த அளவுதான் ஆழம். கடலையும் நெடுங்காலம் இப்படித்தான் அளந்தார்கள். கம்புக்குப் பதில் கயிறு, நுனியில் ஒரு குண்டு, அவ்வளவுதான். ஆழ்கடலில் ஒருமுறை இறக்கி ஏற்றவே சில மணி நேரம் பிடிக்கும். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய பிரிட்டனின் சேலஞ்சர் கப்பலால் ஏறக்குறைய 500 இடங்களில்தான் ஆழ்கடலை அளக்க முடிந்தது.

பிறகு எதிரொலி கைகொடுத்தது. கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்பினால் அது தரையில் பட்டுத் திரும்பும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். திரும்பிவர 4 நொடி ஆனால், போக 2, வர 2. ஆக, ஆழம் 3,000 மீட்டர். 1925-27இல் ஜெர்மனியின் மெட்டியோர் கப்பல் இம்முறையில் அட்லாண்டிக்கில் சுமார் 67,000 அளவீடுகள் எடுத்தது.

கணக்கு எளிதுதான், தொல்லைகள்தான் அதிகம். நீரின் வெப்பம், உப்பு, அழுத்தம் மாறினால் ஒலியின் வேகமும் மாறும். எனவே ஒவ்வொரு எண்ணையும் அட்டவணை பார்த்துத் திருத்த வேண்டும். ஜிபிஎஸ் இல்லாத காலம் என்பதால், நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தை விண்மீன்களைப் பார்த்துக் குறிக்க வேண்டும். லிஃப்ட் கிளம்பும்போது விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் அட்லாண்டிஸ் ஆய்வுக் கப்பலில் யாராவது ஃபிரிட்ஜைத் திறந்தாலே ஆழமானிக்கு மின்சாரம் தடைபட்டு, பதிவு விட்டுப்போகுமாம்! 1950களில் நியூயார்க் அருகிலுள்ள லமாண்ட் ஆய்வகத்தார் துல்லியமான பதிவுக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். 3,000 பாக ஆழத்தில் அதன் பிழை ஒரு பாகம்தான். பாகம் நம் மீனவர்களின் அளவும்கூட. விரித்த இரு கைகளின் நீளம், ஏறக்குறைய ஆறடி.

அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் மேரி தார்ப். பெண்களை அன்று ஆய்வுக் கப்பலில் ஏற்றுவதில்லை. புரூஸ் ஹீசன் முதலானோர் கடலுக்குப் போய்ப் பதிவுச் சுருள்களைக் கொண்டுவருவார்கள். தார்ப் மேசையில் அமர்ந்து அவற்றின் எண்களைச் சரிபார்த்து வரைவார்.

1952இல் வட அட்லாண்டிக்கின் 6 குறுக்குவெட்டுப் படங்களை வரைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நடுவில் ஓடும் கடலடி மலைத்தொடரின் உச்சியில், ‘வி’ வடிவப் பள்ளம் ஒன்று திரும்பத் திரும்பத் தென்பட்டது. கடல்தரை அங்கே பிளந்து விலகுகிறது என்று அதற்குப் பொருள். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னாலே சிரித்த காலம் அது. பெண்பிள்ளைப் பேச்சு என்று ஹீசன் ஒதுக்கிவிட்டார்.

தார்ப் விடவில்லை. பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர் கடலடி நிலநடுக்கங்களை வரைபடத்தில் புள்ளியிட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது, புள்ளிகள் அந்தப் பள்ளத்தை ஒட்டியே விழுந்தன. ஹீசன் ஒப்புக்கொண்டார். 1957இல் வட அட்லாண்டிக் தரையின் படம் வெளிவந்தது. 1977இல் உலகக் கடல்தரை முழுவதன் படமும் முடிந்தது. ஆனாலும் தொடக்ககாலக் கட்டுரைகள் பலவற்றில் தார்ப்பின் பெயர் இல்லை. பாராட்டுகள் வரும்போது அவருக்கு வயதாகிவிட்டது. 2006இல் மறைந்தார்.

இன்று ஒரே நேரத்தில் பல ஒலிக்கற்றைகளை அனுப்பும் கருவிகள் வந்துவிட்டன. அப்படியும் கடல்தரையில் ஏறக்குறைய கால்பங்கைத்தான் நேராக அளந்திருக்கிறோம். மீதியை அளக்கப்போகிறவர் நம் குடியிருப்புப் பிள்ளைகளில் ஒருவராகவும் இருக்கலாம். கணினியில் உலக வரைபடத்தைத் திறந்து, அட்லாண்டிக்கின் நடுவே தையல்போல் ஓடும் அந்தக் கோட்டை அவர்களுக்குக் காட்டுங்கள். அதை முதலில் கண்டவரின் பெயரையும் சொல்லுங்கள்.