துரைமார் மைதானமும் இரண்டு பயணிகளும்

மலையகத்துக் கிரிக்கெட் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஹட்டனை அடுத்த தரவளை. டிக்கோயா - மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தின் மைதானம் அங்கேதான் இருக்கிறது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை வேரூன்றிய காலத்தில், 1884இல், ரயில் ஹட்டனை எட்டியது. மலைநாட்டுத் துரைமார் அணி கட்டிக் கொழும்பு அணியுடன் மோதுவது ஆண்டு வழக்கமாயிற்று.

அக்கால வெள்ளையர் ஆட்டக்காரர்களில் என் கவனத்தை ஈர்த்தவர் பில் கிரெஸ்வெல். 1889இல் சென்னை மாகாணத்தில் பிறந்தவர். 1908இல், பதினெட்டு வயதில், இங்கிலாந்தின் சமர்செட் அணிக்குப் பந்துவீசத் தொடங்கினார். பந்தை வேண்டுமென்றே உட்புறமாக வளைத்து வீசிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். ஆனால் அடுத்த ஆண்டே தொழில் நிமித்தம் இலங்கைக்கு வந்துவிட்டார். அதன்பின் நெடுங்காலம், விடுமுறை கிடைத்த கோடைகளில் மட்டுமே சமர்செட்டுக்கு ஆட முடிந்தது. இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. இலங்கையிலோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அன்று ஆடுகளமும் இன வாரியாகவே பிரிந்திருந்தது. 1887இல் ஐரோப்பியர் - இலங்கையர் ஆட்டம் தொடங்கியது. கொழும்பில் மலாயர் 1872இலும், சோனகர் 1908இலும் தத்தமக்கெனக் கழகம் அமைத்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அப்படியொரு கழகம் இருக்கவில்லை.

கிரெஸ்வெல் பிறந்த அதே சென்னை மாகாணத்திலிருந்துதான் நம் லயத்து மக்களும் கடல் கடந்தார்கள். அவர் கையில் பந்து இருந்தது. இவர்கள் கழுத்தில், தோட்டத்தையும் இலக்கத்தையும் பொறித்த தகரத்துண்டு தொங்கியது. அவர் வீழ்த்திய விக்கெட்டுகளுக்குக் கணக்கு இருக்கிறது. இவர்களுக்கோ பிரட்டுக் களத்துப் பேர்க்கணக்கும் கங்காணியின் கடன் கணக்கும்தான் மிஞ்சின. காலையில் மலையேறி மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் ஒருவன் பந்து வீசிப் பார்ப்பது எப்போது?

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தேசிய அணியைப் பற்றி நினைக்குமுன் தேசம் ஒன்று வேண்டுமே! 1920இல் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரன் 1992இல் இலங்கைக்காக டெஸ்ட் ஆடினார். அவர்தான் முத்தையா முரளிதரன். 2010இல் காலியில் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்து ஓய்வுபெற்றார். அவர் குடும்பம் தோட்டத்தை விட்டு வணிகத்துக்கு வந்திருந்தது. கண்டியில் நல்ல பாடசாலையும் நல்ல மைதானமும் அவருக்குக் கிடைத்தன.

தரவளையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவை எப்போது கிடைக்கும் என்று நாம் கேட்க வேண்டும். கிரெஸ்வெல்லின் ஆட்டத்தைச் சுருக்கியது அவருடைய உத்தியோகம். லயங்களில் எத்தனையோ பேரின் ஆட்டம் தொடங்கவேயில்லை. மலையக விளையாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குவது நியாயம்.