ஓடும் பரியும் ஓவியரும்

ஓவியம் அசைவதில்லை; ஓடும் குதிரையோ நிற்பதில்லை. நில்லாத ஒன்றை நிற்கும் ஒன்றிலே காட்ட மனிதர் செய்த முயற்சி நெடியதொரு வரலாறாகும். அவ்வரலாற்றைக் கள்ளக்குறிச்சிச் சீமையிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

மேற்கே கல்வராயன் மலை. வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர். சங்க காலத்தில் மலையமான்கள் ஆண்ட நாடு இது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான திருமுடிக்காரி இந்நாட்டின் தலைவன். அவன் பெயர் காரி. அவன் குதிரையின் பெயரும் காரி. அவனோடு பொருது மாண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர். ஊர்பவனையும் ஊர்தியையும் ஒரே பெயரால் அழைத்தனர் நம் முன்னோர். மலையமான்களின் காசுகளிலும் குதிரை உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தனைக்கும் குதிரை தமிழ் மண்ணின் விலங்கன்று. கடல் வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. அரிதாய் வந்தமையாலேயே அது பெருமைக்கு அடையாளமாயிற்று.

திருக்கோவலூருக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில், பாறை மீது செங்காவி ஓவியங்கள் உள்ளன. அங்கே ஒருவன் குதிரை மேல் அமர்ந்திருக்கிறான்; ஒருவன் அதனை நடத்திச் செல்கிறான்; மற்றொருவன் கைகளை விரித்து வரவேற்கிறான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் வெண்ணிறத்தால் எழுதப்பட்ட இரு குதிரை வீரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் போர் புரிகின்றனர். இவற்றில் நிழலில்லை, தசையின் மடிப்பில்லை. சில கோடுகளே உள்ளன. பாறையின் சொரசொரப்பே ஓவியத்தின் தோலாக அமைந்துவிட்டது.

இனி மேல்நாட்டைப் பார்ப்போம். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் எப்சம் நகரக் குதிரைப் பந்தயத்தை எழுதினார். அதிலே குதிரைகள் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி, நிலம் தொடாமல் பறக்கின்றன. ஓடும் குதிரையை இவ்வாறு எழுதுவதே நெடுங்கால மரபு. 1878-இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்பார் ஓடுபாதையின் ஓரமாகக் காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். குறுக்கே கட்டிய நூலைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு காமிராவும் ஒரு படம் பிடித்தது. நான்கு கால்களும் நிலம் விட்டு எழுவது உண்மையே என்று தெரிந்தது. ஆனால் அவை அப்போது விரிந்திருக்கவில்லை. வயிற்றின் கீழ் ஒடுங்கியிருந்தன!

புதிய ஓவியர் இதனைக் கற்றுக்கொண்டனர். அமெரிக்க மேற்குப் புலத்து மாடோட்டிகளை எழுதிப் புகழ்பெற்ற ரெமிங்டன் 1889-இல் ஓர் ஓவியம் தீட்டினார். பகைவர் துரத்த, காட்டை நோக்கி விரையும் குதிரை வீரர்களைக் காட்டுவது அது. குளம்புகள் தரையில் பாவவில்லை, புழுதி எழுகிறது, நிழல்கள் உடன் ஓடுகின்றன. நூலும் காமிராவும் கண்ட உண்மையைத் தூரிகை தனதாக்கிக்கொண்டது.

அப்படியாயின் ஜெரிக்கோ தோற்றாரா? கீழ்வாலை ஓவியன் அறியாதவனா? அல்ல என்பேன். காமிரா ஒரு கணத்தைப் பற்றியது. ஜெரிக்கோ பல கணங்களின் விரைவை ஒன்றாக்கினார். நம் பாறை ஓவியனோ விரைவை நாடவே இல்லை. அமர்ந்தவன், நடத்துபவன், வரவேற்பவன் என மூவரையும் ஒரு விலங்கு எவ்வாறு இணைத்தது என்பதையே அவன் எழுதினான். கால்களின் அளவை மட்டும் கொண்டு அவனை மதிப்பிடுவது முறையாகாது.

ஜெரிக்கோவின் திரைக்கு அருங்காட்சியகம் உண்டு, காவலும் உண்டு. நம் பாறைகளுக்கோ வானமே கூரை. மழையும் வெயிலும் மட்டுமா பகை? கல்லுடைப்பும் பகை, அதன்மேல் தம் பெயரைக் கீறுவோரும் பகையே. உடைந்த பாறையை மீண்டும் எழுத எந்த ஓவியனாலும் இயலாது. காசில் பொறித்த குதிரை பேழைக்குள் பிழைத்துவிடும். பாறையில் நிற்கும் குதிரை பிழைப்பது, அதைக் காணச் செல்லும் உங்கள் கைகளின் அடக்கத்தில் இருக்கிறது.