உயிருக்கு ஈடாக எரிந்த விளக்கு

ஆர்க்காடு சாலையின் இரைச்சலை விட்டுக் கோடம்பாக்கத்தின் உள்தெருவில் திரும்பி, புலியூர் பரத்வாஜேசுவரர் ஆலயத்துக்குச் சாயரட்சை வேளையில் போய் நிற்பவருக்குக் கருவறை இருளில் அசையாமல் எரியும் சுடரே முதலில் கண்ணில் படும். சினிமாப் பேட்டை என்றே இன்று பெயர் பெற்றுவிட்ட இவ்விடம், தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றாகி, சேக்கிழார் பிறந்த குன்றத்தூரையும் தன்னுள் கொண்டிருந்த புலியூர்க் கோட்டத்துக்குப் பெயர் தந்ததாக வழங்கிவரும் ஊர். அச்சுடரைக் காணும்போதெல்லாம், சோழர் காலத்தில் கொலைப்பழிக்குப் பிராயச்சித்தமாக ஏற்றப்பட்ட விளக்குகளின் நினைவே எனக்கு வருகிறது.

வேட்டைக்குப் போன ஒருவன் விலங்கின்மேல் எய்த அம்பு உடன் வந்தவன்மேல் பட்டு அவன் மாண்டுபோனால், ஊராரும் நாட்டாரும் கூடி, நடந்தது பகையாலா அறியாமையாலா என்று விசாரித்து, அறியாமல் நேர்ந்ததென்று கண்டபோது எய்தவன் உயிரை வாங்காமல், இறந்தவனைச் சாத்திக் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்கும்படி விதித்த செய்தியைத் தென்னார்க்காடு, வடவார்க்காட்டுக் கல்வெட்டுகள் சில கூறுகின்றன. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இவற்றை எடுத்து ஆராய்ந்திருக்கிறார். 'சாத்தி' என்றால் அவன் பொருட்டு என்று அர்த்தம். புண்ணியம் செத்தவனுக்கு, செலவு கொன்றவனுக்கு.

அந்தச் செலவும் சாமானியமானதன்று. அணையா விளக்கொன்றுக்கு 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவது பெருவழக்கு. அவற்றை ஏற்ற இடையன் நாள்தோறும் உழக்கு நெய், அதாவது கால் நாழி, தவறாமல் அளக்கவேண்டும். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பிக்கொண்டே வருமாதலால் மந்தையின் எண்ணிக்கை குறைவதேயில்லை என்பது கணக்கு. ஆகவேதான் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். ஓர் உயிர் போனதற்கு ஈடாகச் சாவையும் மூப்பையும் அறியாத ஒன்றைத் தேடிக்கொண்ட அந்தச் சபையோரின் மனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எல்லாக் குற்றத்துக்கும் விளக்கு விடையாகவில்லை. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமைகளையும் அவர்தம் உறவினர் உடைமைகளையும் பறித்து விற்றதை, ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிச் சாசனம் காட்டுகிறது. மறுபுறம், வரி கேட்டு நெருக்கப்பட்ட ஒரு பெண் அவமானம் தாளாமல் நஞ்சுண்டு மாண்டபோது, நெருக்கிய அதிகாரியையே குற்றவாளியாக்கி விளக்குக்குப் பொருள் கட்டவைத்ததும் உண்டு. அதிகாரத்தில் இருந்தவனையும் ஊர் தன்முன் நிறுத்திப் பேசவைத்தது என்பதே இதில் என் நெஞ்சைத் தொடுவது.

1862-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தபின், குற்றம் அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் இடைப்பட்ட வழக்காயிற்று. கொல்லப்பட்டவனின் மனைவி அதில் ஒரு சாட்சி. பெயரைக் கூப்பிடும் வரையில் நீதிமன்றத் தாழ்வாரத்துப் பெஞ்சில் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீடு தரும் திட்டத்துக்கு வழிவகுத்த சட்டப் பிரிவு 2009-இல்தான் நடைமுறைக்கு வந்தது. பணம் வருகிறது, பல நேரம் தாமதமாக. கொன்றவன் அவளை நோக்கி ஒரு வார்த்தை பேசுவதற்கு மட்டும் அங்கே இடமில்லை.

பழைய கல்லிலும் அவளுக்கு இடம் அதிகமில்லை என்பதையும் நான் மறைக்கமாட்டேன். ஆட்டையும் நெய்யையும் அத்தனை துல்லியமாகப் பொறித்தவர்கள், அவள் தன் பிள்ளைகளை எப்படி வளர்த்தாள் என்பதைப் பொறிக்க நினைக்கவில்லை. ஆயினும் கொன்றவன் ஊரைவிட்டுப் போகவில்லை, விளக்கும் அணையவில்லை. அந்தி சாய்ந்ததும் அவளும் அவனும் ஒரே சந்நிதியில், ஒரே சுடரின் முன்னே, அது யார் பொருட்டு எரிகிறதென்று இருவரும் அறிந்தே நின்றிருக்கவேண்டும்.