தீயணைப்போரின் சட்ட அதிகாரங்கள் (புதுச்சேரி ஊரகப் பகுதிகள்)

தீப்பிடித்த இடத்தில் பிறர் வீட்டுக்குள் நுழையவும், தடையாக இருப்பதை இடிக்கவும், தனியார் கிணற்று நீரை எடுக்கவும் தீயணைப்போருக்குச் சட்டம் இடம் தருகிறது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்த அதிகாரத்துக்குத் தனி வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் ஊராரின் கடமையாக இருந்த தீயணைப்பு, பின்னர் அரசுத் துறை ஒன்றின் அதிகாரமாக மாறியது.

பிரெஞ்சு ஆட்சிக்காலம்

பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தன. பிரான்சின் 1810-ஆம் ஆண்டுத் தண்டனைத் தொகுப்பின் 475-ஆவது பிரிவு, தீ, வெள்ளம் போன்ற பேரிடர்களில் உதவிக்கு அழைக்கப்பட்டும், இயன்றிருந்தும் வர மறுத்தவருக்கு அபராதம் விதித்தது. 1880 மார்ச் 12 ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் பத்து கொம்யூன்கள் அமைந்தன. வில்லியனூரும் பாகூரும் அவற்றில் அடங்கும்.

இணைப்புக்குப் பின்

1954 நவம்பர் 1-இல் நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இறைமையும் இந்தியாவுக்கு மாறின. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டது. பெருந்தீ பரவாமல் தடுக்க நல்லெண்ணத்துடன் வீடுகளை இடிப்பவர் குற்றவாளி ஆகார் என்பதை அதன் 81-ஆவது பிரிவு எடுத்துக்காட்டாகவே கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆவது பிரிவிலும் இவ்விளக்கம் தொடர்கிறது.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொம்யூன்கள் கொம்யூன் பஞ்சாயத்துகளாயின. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பஞ்சாயத்துகளுக்கான பதினொன்றாம் அட்டவணையில் அது இல்லை. எனவே கிராமத்துத் தீ அரசுத் துறையின் பொறுப்பாகவே உள்ளது. வில்லியனூரிலும் பாகூரிலும் அத்துறையின் நிலையங்கள் இயங்குகின்றன.

களத்தில் உள்ள அதிகாரங்கள்

ஒன்றிய உள்துறை 1958-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரித் தீயணைப்பு மசோதா பின்வந்த சட்டங்களுக்கு அடிப்படையானது. அண்டை மாநிலத்தின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. மாதிரி மசோதாவின்படி களத்தில் உள்ள அதிகாரி,

• பணிக்கு இடையூறாக நிற்பவரை அகற்றலாம், தெருவை மூடலாம்.
• குழாயும் கருவிகளும் செல்ல, இயன்றவரை குறைந்த சேதத்துடன், கட்டடத்தை உடைத்துத் திறக்கலாம் அல்லது இடிக்கலாம்.
• ஏரி, குளம், கிணறு எனப் பொது, தனியார் நீர்நிலை எதையும் பயன்படுத்தலாம்.

கூரை வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில், எரியாத அடுத்த வீட்டின் கீற்றைப் பிரித்து இடைவெளி உண்டாக்குவதே சில வேளை ஒரே வழியாகும். வீட்டுக்காரரின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் தெருவே எரிந்துவிடும் என்பதால்தான் சட்டம் அம்முடிவை அதிகாரியிடம் விடுகிறது.

இழப்பும் ஈடும்

தீயணைப்போர் கடமையின்போது செய்த சேதமும் காப்பீட்டு நோக்கில் தீயால் நேர்ந்த சேதமாகவே கருதப்படும். லண்டனின் 1865-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்விதி, இந்திய மாதிரி மசோதாவிலும் உள்ளது. எனினும் காப்பீடு எடுத்தவருக்கே இதனால் பயன். காப்பீடு இல்லாத கூரை வீட்டுக்காரர், தம் வீடு எரிந்தாலும் ஊரைக் காக்கப் பிரிக்கப்பட்டாலும், அரசின் நிவாரணத்தையே நம்பியிருக்க வேண்டும்.