காணாதவற்றை எண்ணும் கணக்கு



ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். சோறு வெந்ததா என அறிய அது போதும். ஆயின், பானையில் எத்தனை வகை அரிசி கலந்துள்ளது என வினவினால், அந்த ஒரு சோறு என்ன விடை தரும்? சிறு மாதிரியைக் கொண்டு முழுமையிலுள்ள வகைகளை எண்ணலாமா என்னும் இவ்வினாவின் வரலாற்றையே இன்று நோக்குவோம்.

மலாயாவில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்த ஸ்டீவன் கோர்பெற்றின் பட்டியலில், ஒருமுறையே அகப்பட்ட இனங்கள் 118, இருமுறை அகப்பட்டவை 74, மும்முறை 44, நான்கு முறை 24. இன்னும் அத்துணைக் காலம் சேகரித்தால் எத்தனை புதிய இனங்கள் கிடைக்கும்? புள்ளிவிபர மேதை றொனால்ட் பிஷர், கோர்பெற்றுடனும் வில்லியம்சுடனும் சேர்ந்து 1943ஆம் ஆண்டில் இத்துறையில் முதன்மையான கட்டுரையொன்றை வெளியிட்டார். 1956இல் குட், டூல்மின் என்போர் எளிய வழியொன்றைக் காட்டினர். 118இலிருந்து 74ஐக் கழித்து, 44ஐக் கூட்டி, 24ஐக் கழித்து, இவ்வாறே மாறிமாறிச் சென்றால் ஏறத்தாழ 75 என்னும் விடை வரும். கண்டவற்றுள் அரியவையே காணாதவற்றுக்குச் சாட்சி என்பது இதன் உட்பொருள்.

1976இல் எஃப்றன், திஸ்ரெட் ஆகியோர் இம்முறையைச் சேக்ஸ்பியரின் நூல்களுக்குப் பொருத்தினர். அவற்றில் வரும் 31,534 வெவ்வேறு சொற்களுள் 14,376 ஒருமுறையே வந்தவை. அவர் அறிந்தும் எழுதாத சொற்கள் குறைந்தது 35,000 எனக் கணித்தனர்.

பின்னர் இவ்வினா கணனித் தரவுத்தளங்களுக்கும் வந்து சேர்ந்தது. இலட்சக்கணக்கான நிரைகள் கொண்ட அட்டவணையில், ஊர்ப்பெயர் குறிக்கும் நிரலொன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் எத்தனை வெவ்வேறு ஊர்கள் உள்ளன என்னும் கணிப்பையும் கொண்டே, விடை தேடும் வழியைக் கணனி தெரிவுசெய்கிறது. கணிப்பு பிழைத்தால் நொடியில் முடியும் வேலை மணிக்கணக்கில் நீளலாம். முழுவதையும் வாசிப்பதோ பெருஞ்செலவு. ஆகவே மாதிரியை நாடினர். 1995இல் ஹாஸ் முதலிய நால்வர், புள்ளிவிபரவியலாரின் முறைகளை இத்துறையில் ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

2000ஆம் ஆண்டில் சரிக்கார், சௌதுரி, மோத்வானி, நரசய்யா ஆகியோர் இதன் எல்லையை நிறுவினர். ஓர் அட்டவணையில் ஒரே ஊர்தான் உண்டு. மற்றொன்றில் அதே ஊரோடு, ஒவ்வொரு முறையே வரும் சில ஊர்கள் மறைந்துள்ளன. சிறு மாதிரிக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும். எனவே, எம்முறையும் ஏதோவோர் அட்டவணையில் பெரிதும் தவறியே தீரும்.

அவர்கள் கூறிய பரிகாரமும் அறியத்தக்கது. நூற்றுக்கு ஒரு நிரையைப் பார்த்தோமெனின், ஒருமுறையே கண்ட ஓர் ஊர், முழு அட்டவணையில் ஒன்றுக்கும் நிகராகலாம், நூறுக்கும் நிகராகலாம். ஆதலால் அத்தகைய ஊர்களின் தொகையை 10ஆல் பெருக்கி, ஏனையவற்றை உள்ளபடியே கூட்டுக என்றனர். உண்மை எப்பக்கம் இருப்பினும், அவ்வூர்களைப் பற்றிய பிழை பத்து மடங்கைத் தாண்டாது.

ஒரு சோறு பதத்தைச் சொல்லும், வகையைச் சொல்லாது. மாதிரியைக் கொண்டு முழுமையைக் கூறுவோர், தம் பிழை எவ்வளவு ஆகக்கூடும் என்பதையும் உடன் கூறுதல் கடனாகும்.