கப்போயிரா

சண்டையும் நடனமும் பாட்டும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க இயலாதபடி கலந்த கப்போயிரா, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்கள் வழிவந்தோரும் பிரேசில் மண்ணில் உருவாக்கிய நிகழ்த்துகலையாகும். பாடுவோரும் ஆடக் காத்திருப்போரும் சேர்ந்து அமைக்கும் வட்டம் ரோடா எனப்படும். அதனுள் இருவர், ஜிங்கா என்னும் ஓயாத ஊசலாட்ட நடையில் கால்மாற்றியபடி, உதைப்பதும் விலகுவதுமாக ஆடுவர். ஆட்டத்தின் போக்கை வகுப்பது பெரிம்பாவ் என்னும் ஒற்றைக்கம்பிக் கருவி. வில்லாக வளைத்த கழியில் எஃகுக் கம்பி பூட்டி, அடிப்புறத்தில் உலர்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டுவர். நாணயத்தையோ கூழாங்கல்லையோ கம்பியில் அழுத்தியும், குடுக்கையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிப்பவர் நாதத்தை மாற்றுவார்.

அடிமை முறை 1888இல் ஒழிக்கப்பட்டு, மறு ஆண்டே குடியரசு பிறந்தபோதும் இக்கலைக்கு விடுதலை கிட்டவில்லை. 1890ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், தெருவிலோ பொதுவெளியிலோ கப்போயிரா ஆடுவோருக்கு இரண்டு முதல் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ரியோ டி ஜெனீரோவில் பிடிபட்ட பலர் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

தடை நீடித்த காலத்திலேயே, 1932இல், பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரில் பிம்பா என்னும் ஆசான் பயிற்சிக்கூடம் தொடங்கி, கப்போயிரா என்ற பெயரைத் தவிர்த்துப் 'பாஹியா வட்டாரச் சண்டைமுறை' என்று அதற்குப் பெயரிட்டார். 1937இல் அக்கூடம் அரசின் ஏற்பைப் பெற்றது. பல இனக் கலப்பையே பிரேசிலின் தனித்தன்மையாக முன்னிறுத்திய அதிபர் கெத்தூலியோ வர்காஸின் ஆட்சிக்கு, சம்பா இசைநடனத்தைப் போலவே கப்போயிராவும் தேவைப்பட்டது என்பதே இம்மாற்றத்துக்குப் பொருத்தமான விளக்கம். 1953இல் பிம்பா வர்காஸின் முன்னிலையிலேயே ஆடிக்காட்டினார். பழைய ஆப்பிரிக்க மரபைப் போற்றிய பாஸ்தின்யா, 1941இல் 'அங்கோலா கப்போயிரா'வுக்குத் தனிக்கூடம் கண்டு, 1966இல் ஆப்பிரிக்காவிலுள்ள டக்கார் நகரின் கறுப்பினக் கலைவிழாவில் பிரேசில் குழுவோடு பங்கேற்றார்.

கலைக்குக் கிடைத்த மதிப்பு கலைஞரை எட்டவில்லை. போதிய ஆதரவின்றி மனம்வெறுத்துப் பாஹியாவை விட்டு வெளியேறிய பிம்பா 1974இல் கொயானியா நகரில் இறந்தார். பாஸ்தின்யாவின் கூடம் இருந்த கட்டடம், சீரமைப்பு என்ற பெயரில் கைவிட்டுப் போயிற்று. அவர் கண்பார்வை இழந்து, வறுமையில் 1981இல் மறைந்தார். 2008இல் ரோடாவோடு கப்போயிரா ஆசான்களின் தொழிலும் பிரேசிலின் பண்பாட்டு மரபாகப் பதிவுசெய்யப்பட்டபோது, அவர் இறந்து ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.